சதுரங்கக் கணினிக்கு அறிவு உண்டா: முடிவு சரி, காரணம் சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சதுரங்கம் ஆடும் கணினிகளை உண்மையிலேயே அறிவுள்ளவை என்று சொல்லலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கணினி சிந்திப்பதில்லை, வெறுமனே கணக்குப் போடுகிறது, ஆகவே அதற்கு அறிவு கிடையாது என்பது அக்கட்டுரையின் சாரம். முடிவில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதற்குக் கட்டுரையாளர் காட்டியிருக்கும் காரணம் கால் நூற்றாண்டுக்கு முன்பு வேண்டுமானால் ஓரளவு பொருந்தியிருக்கும், இன்று பொருந்தாது. வலுவில்லாத காரணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தால், அந்தக் காரணத்தை யாராவது தட்டிவிடும்போது முடிவையும் விட்டுக்கொடுக்க நேரிடும். சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டு, நாள் முழுவதும் இந்த மென்பொருள்களோடு புழங்குகிறவன் என்ற முறையில் சிலவற்றை எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

கட்டுரையாளரின் மனத்தில் இருப்பது, 1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை 3.5–2.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்ற டீப் புளூ என்பது அவருடைய வர்ணனையிலிருந்தே தெரிகிறது. ஐபிஎம் நிறுவனம் சதுரங்கத்துக்கென்றே தனிச் சிப்புகளைச் செய்து பொருத்தியிருந்த அந்த இயந்திரம் விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயக்கூடியது. இந்த எண்ணைக் கேட்டதும், இயந்திரம் எல்லா வழிகளையும் எண்ணிப் பார்த்துச் சிறந்ததைப் பொறுக்கி எடுக்கிறது என்ற எண்ணம்தான் எவருக்கும் வரும். ஆனால் சதுரங்கத்தில் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-ல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்: சராசரி நீளமுள்ள ஓர் ஆட்டம் கிளைபிரியக்கூடிய வழிகளின் எண்ணிக்கை, 1-க்குப் பின்னால் 120 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணை நெருங்கும். இதன் முன்னால் விநாடிக்கு 20 கோடி என்பது ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே எவ்வளவு வேகமான இயந்திரமும் ஓர் ஆழத்தில் நின்றாக வேண்டும். நின்ற இடத்தில் காய்களின் நிலை வெள்ளைக்குச் சாதகமா, கருப்புக்குச் சாதகமா, எவ்வளவு சாதகம் என்று மதிப்பிட்டாக வேண்டும். இந்த மதிப்பீடுதான் சதுரங்கத்தின் உயிர். டீப் புளூவுக்கு அதை மனிதர்களே எழுதிக் கொடுத்தார்கள். ராஜாவின் பாதுகாப்புக்கு எவ்வளவு மதிப்பு, சிப்பாய்கள் இல்லாத நேர்வரிசையைப் பிடித்திருக்கும் யானைக்கு எவ்வளவு, துணையின்றித் தனித்து நிற்கும் சிப்பாய்க்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதையெல்லாம் வடிவமைப்பாளர்கள் வகுத்தார்கள்; கிராண்ட் மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் போன்றோர் உடனிருந்து திருத்தினார்கள். ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவை 19 நகர்த்தல்களில் முடித்துவைத்த அந்தப் புகழ்பெற்ற குதிரைத் தியாகம்கூட இயந்திரம் மேசையில் கண்டுபிடித்ததல்ல. தொடக்க ஆட்டத் தொகுப்பில் குழுவினர் முன்பே சேர்த்துவைத்திருந்தது. கணக்கு இயந்திரத்துடையது, மதிப்பீடு இரவல் வாங்கியது. இதுவரைக்கும் கட்டுரையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவர் கண்டுகொள்ளாமல் விட்டது 2017 டிசம்பரில் நடந்ததை. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்பாஜீரோ என்ற நிரலுக்கு ஆட்டத்தின் விதிகள் மட்டுமே தரப்பட்டன. தொடக்க ஆட்டத் தொகுப்பு கிடையாது. யானைக்கு ஐந்து மதிப்பு, குதிரைக்கு மூன்று என்று நாங்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் பாலபாடம்கூடக் கிடையாது. அது தன்னோடு தானே நான்கு கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடி, எது நல்ல நிலை என்பதைத் தானாகவே கற்றுக்கொண்டது. அப்போது முன்னணியில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் 8 மென்பொருளுடன் நடந்த 100 ஆட்டங்களில் 28-ல் வென்றது, 72-ஐ டிரா செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. (ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட அமைப்புகள் நியாயமானவையா என்று அப்போதே சர்ச்சை எழுந்தது, அடுத்த ஆண்டு மாற்றிய நிபந்தனைகளுடன் நடத்தியபோதும் ஆல்பாஜீரோவே மேலோங்கியது.) நம் விவாதத்துக்கு முக்கியமானது வெற்றிக் கணக்கு அல்ல. முதல் அறிக்கையின்படி ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்கு 7 கோடி நிலைகளை ஆராய்ந்தது. ஆல்பாஜீரோ ஆராய்ந்ததோ 80 ஆயிரம்தான். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்குப் போட்டு, கணக்குப் போடுவதில் வல்லதை அது வென்றது.

அந்த ஆட்டங்களை அச்சிட்டு என் மாணவர்களோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். எதிரியின் காய்கள் மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்காக ஒரு சிப்பாயை, சில சமயம் ஒரு காயையே விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கான பலனை இருபது, முப்பது நகர்த்தல்கள் கழித்து வாங்கிக்கொள்ளும் ஆட்டம் அது. ஓரத்துச் சிப்பாயை எதிரி ராஜாவை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும் அதன் பழக்கம் அதற்குப் பிறகு முன்னணி வீரர்களின் ஆட்டங்களிலும் தொற்றிக்கொண்டது. இதே ஆட்டத்தை ஒரு மனிதர் ஆடியிருந்தால் தயக்கமின்றி அவருக்கு நல்ல நிலையறிவு இருக்கிறது என்று சொல்லியிருப்போம். எனவே, இது வெறும் கணக்கு என்று சொல்கிறவர், வீரரின் நிலையறிவு மட்டும் எப்படிக் கணக்கைவிட மேலானதாகிறது என்று விளக்கக் கடமைப்பட்டவர். கட்டுரையில் அந்த விளக்கம் இல்லை.

விளக்குவது எளிதும் அல்ல. நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் 1940-களில் மேதைகளையும் சாதாரண வீரர்களையும் ஒரே நிலையின் முன்னால் உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். மேதைகள் அதிக ஆழத்துக்கோ, அதிக எண்ணிக்கையிலோ நகர்த்தல்களை ஆராயவில்லை. பார்த்த சில விநாடிகளிலேயே நல்ல நகர்த்தல்களின் பக்கம் அவர்கள் கண் போய்விட்டது. 1973-ல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் அந்தச் சோதனையை நீட்டினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில விநாடிகள் காட்டி மறைத்தால் மேதை அதைப் பெருமளவு அப்படியே அடுக்கிவிடுகிறார். அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினால் அவருடைய நினைவாற்றல் கற்றுக்குட்டியின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகச் சதுரங்கத் திறமையில் பெரும்பங்கு, ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிப் படிந்த வடிவங்களை அடையாளம் காணும் திறமை. ஆல்பாஜீரோ செய்வதும் ஏறத்தாழ அதுதான். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷும் தன் மதிப்பீட்டுக்கு நரம்பணு வலையமைப்பை, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரலமைப்பைப் பயன்படுத்துகிறது. எனவே இன்று ஒரு மாணவரின் கைப்பேசியில் ஓடும் மென்பொருளைப் பார்த்து, கணக்கு மட்டுமே போடுகிறது என்பது தகவல் அளவிலேயே பிழை.

எல்லையை ஒவ்வொரு முறையும் தள்ளித் தள்ளி வைக்கிறோம் என்று கணினி விஞ்ஞானிகள் நம்மீது சொல்லும் குற்றச்சாட்டும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1950-களின் இறுதியில் ஹெர்பர்ட் சைமன், பத்தாண்டுகளில் கணினி உலகச் சதுரங்க சாம்பியனாகும் என்றார்; அவர் சொன்ன கெடு கடந்து முப்பது ஆண்டுகள் கழித்தே அது கைகூடியது. 1968-ல் சதுரங்க வீரர் டேவிட் லெவி, இன்னும் பத்தாண்டுகளில் எந்த நிரலும் தன்னை வெல்லாது என்று பந்தயம் கட்டி, 1978-ல் அதை வென்றார். 1970-களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர், எவரையும் வெல்லக்கூடிய நிரல் வருமானால் அது பொதுவான அறிவு வாய்ந்ததாகத்தான் இருக்கும், சதுரங்கம் சலித்துப்போய் வேறு எதையாவது பேசலாம் என்று அது சொல்லவும் கூடும் என்று ஊகித்தார். வந்த நிரல்களில் எதற்கும் சலிப்பு ஏற்படவில்லை. வெல்லும் வரை அறிவின் உச்சம் என்று போற்றிவிட்டு, வென்றபின் இது அறிவே இல்லை என்று சொல்வது நேர்மையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. சதுரங்கத்தை நன்றாக ஆட அறிவு தேவை என்று நாம் நினைத்திருந்தது, அதை நன்றாக ஆடிய அத்தனை பேரும் மனிதர்களாக இருந்ததால் ஏற்பட்ட நினைப்பு. அறிவில்லாமலும் அதை ஆடலாம் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. இது சதுரங்கத்தைப் பற்றிக் கிடைத்த புதிய செய்தி.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் ஒரு சான்று, பரபரப்பாகப் பேசப்படாததால், பலருக்குத் தெரிவதில்லை. ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்கள் வரை மட்டுமே எஞ்சியிருக்கும் எல்லா நிலைகளுக்கும் முடிவு என்ன என்பது பின்னோக்கிக் கணக்கிடப்பட்டு, அட்டவணைகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. 2012-ல் மாஸ்கோவில் லொமொனோசொவ் பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் அந்த வேலை முடிந்தது. அவற்றில் ஒரு நிலையில், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால், வெள்ளை 549-வது நகர்த்தலில்தான் செக்மேட் செய்யும். அந்த 549 நகர்த்தல்களில் முதல் சில நூறு நகர்த்தல்கள் எதற்காக என்று உலகில் எந்தக் கிராண்ட் மாஸ்டராலும் சொல்ல முடியாது. அட்டவணையோ ஒரு நகர்த்தலில்கூடத் தவறாது. அங்கே ஆராய்ச்சி இல்லை, மதிப்பீடு இல்லை, கற்றல் இல்லை. நிலையைத் தேடிப் பதிலை எடுப்பது மட்டுமே நடக்கிறது. பிழையே இல்லாத ஆட்டம் அறிவுக்குச் சான்று என்றால் உலகிலேயே பெரிய அறிவாளி அந்த அட்டவணை என்றாகும். அப்படிச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். ஸ்பானியப் பொறியாளர் லியனார்டோ டோரஸ் கெவேடோ 1912-லேயே, ராஜாவையும் யானையையும் வைத்துக்கொண்டு எதிரியின் தனி ராஜாவைத் தவறாமல் செக்மேட் செய்யும் இயந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

எதிர்முனையில் ஒரு சான்று. 1952-ல் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங், தாம் வகுத்த சதுரங்க நிரலை ஓட்டத் தகுந்த கணினி இல்லாததால், தாமே கணினியாக உட்கார்ந்து, தாளில் கணக்குப் போட்டு ஒரு நண்பருக்கு எதிராக ஆடினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. ஆட்டத்தில் நிரல் தோற்றது. அந்த அறையில் அந்நூற்றாண்டின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று இருந்தது. ஆனால் பலகையில் விழுந்த நகர்த்தல்களில் அது வெளிப்பட வழியில்லை. நகர்த்தலின் தரத்தை மட்டும் வைத்து, அதற்குப் பின்னால் அறிவு இருக்கிறதா இல்லையா என்று ஊகிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஆபத்து என்று சொல்வதற்குக் காரணம், காஸ்பரோவே அதில் சிக்கினார். 1997-ன் முதல் ஆட்டத்தில், தோற்கும் தறுவாயில், டீப் புளூ தன் 44-வது நகர்த்தலாக யானையைக் காரணமே புரியாத ஒரு கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. அடுத்த நகர்த்தலில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. வென்ற காஸ்பரோவும் அவருடைய குழுவினரும் அன்றிரவு அந்த நகர்த்தலுக்குப் பொருள் தேடி, மற்ற வழிகள் எல்லாம் வெகு தூரத்தில் செக்மேட்டில் முடிவதை இயந்திரம் கண்டுவிட்டது போலும் என்ற முடிவுக்கு வந்தனர். அது நிரலில் இருந்த ஒரு பிழையால் விளைந்த தற்செயலான நகர்த்தல் என்று, வடிவமைத்தவர்களில் ஒருவரான மரி கேம்பல் பின்னாளில் விளக்கினார். மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில், டிரா செய்ய வழி இருந்த நிலையிலேயே காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இந்த இயந்திரம் அப்படியொரு வழியை விட்டுவைக்காது என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பிழைக்குள் ஆழத்தைக் கண்டவர் சாதாரண ரசிகர் அல்லர். அன்றைய உலக சாம்பியன்.

அப்படியானால் இயந்திரத்திடம் இல்லாதது எது? கட்டுரையாளரைப் போன்றோர் இந்த இடத்தில் இயந்திரத்தின் பலவீனங்களைத் தேடிப் போவது வழக்கம். கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரால் 2017-ல் வெளியான ஒரு நிலை இருக்கிறது: கருப்புக்கு ராணி, இரண்டு யானைகள், மூன்று பிஷப்புகள், வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டுமே. கருப்பின் ராணியும் யானைகளும் சிப்பாய்ச் சுவருக்குப் பின்னால் நகர இடமின்றி அடைபட்டிருக்கின்றன. மூன்று பிஷப்புகளும் கருப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடக்கூடியவை. வெள்ளை தன் ராஜாவை வெள்ளைக் கட்டங்களிலேயே வைத்துக்கொண்டு உலாவினால் போதும், ஆட்டம் டிரா. பிஷப் எப்படி நகரும் என்று நேற்றுக் கற்ற குழந்தைக்கும் இதைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். அன்றைய மென்பொருள்களோ காய்களின் எண்ணிக்கையைப் பார்த்து, கருப்புக்குப் பெரும் வெற்றி என்று அடித்துச் சொல்லின. அழகான எடுத்துக்காட்டுதான். ஆனால் இதன் மீது வாதத்தைக் கட்ட எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு உள்ள ஓட்டையை நாளைக்கு அடைத்துவிடுவார்கள். அடைத்தபின் நம் வாதம் எங்கே போகும்?

நான் சுட்ட விரும்புவது, இயந்திரம் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் மாறாத ஒன்றை. சதுரங்கத்தில் எல்லாம் முன்கூட்டியே தரப்பட்டுவிடுகிறது. 64 கட்டங்கள், 32 காய்கள், மறைவாக எதுவும் இல்லை, எது வெற்றி என்பதில் ஐயமில்லை. வெளியுலகில் நாம் அறிவு என்று மதிக்கும் செயலில் பெரும்பகுதி, இந்த இடத்துக்கு வந்து சேர்வதிலேயே கழிந்துவிடுகிறது: எது பிரச்சினை, எதைக் கணக்கில் கொள்வது, எதை விடுவது, எது நடந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வது. இந்த வேலையை முழுக்க முடித்து, சுத்தமாகத் துடைத்துவைத்த மேசையில் இயந்திரம் வந்து உட்காருகிறது.

பலகையின் விளிம்பைத் தாண்டி ஏதேனும் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த ஒரு போட்டியில் பார்த்தோம். ஒரே நேரத்தில் பலகைகள் சிலவற்றில் ஆடக்கூடிய இயந்திரக் கை ஒன்று ஏழு வயதுச் சிறுவனுடன் ஆடிக்கொண்டிருந்தது. அது ஒரு காயை வெட்டி எடுத்தது. தன் வேலையை அது முடிக்கும் முன்பே சிறுவன் அவசரப்பட்டுத் தன் காயை நகர்த்தக் கை நீட்டினான். இரும்பு விரல்கள் அவன் விரலைப் பற்றிக்கொண்டன, விடவில்லை. பெரியவர்கள் ஓடிவந்து பிரித்தெடுப்பதற்குள் விரல் முறிந்துவிட்டது. (சிறுவன் மறுநாள் கட்டுடன் வந்து போட்டியைத் தொடர்ந்தான் என்பது ஆறுதலான செய்தி.) காயைப் பிடிக்கும் கைக்குப் பாதுகாப்பு உணரி வைக்காதது பொறியாளர்களின் குறை, சதுரங்க நிரலின் குறையல்ல என்று வாதிடலாம், சரியான வாதம்தான். ஆனால் அந்த வாதமே என் கருத்தை ஒப்புக்கொள்கிறது. எதிரில் இருப்பது குழந்தை, அவனுக்கு வலிக்கிறது, ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது அந்த நிரலின் உலகில் இடம்பெறவே முடியாத செய்தி. எவ்வளவு மந்தமான ஆட்டக்காரரும், ஆட்டத்தின் சூட்டில் எவ்வளவு மூழ்கியிருந்தாலும், அந்தக் கணத்தில் சதுரங்கத்தை மறந்துவிடுவார்.

பயிற்சி வகுப்பில் இது சிறிய அளவில் அன்றாடம் நடக்கிறது. தோற்ற ஆட்டத்தை மாணவர் கணினியில் போட்டுப் பார்க்கிறார். 23-வது நகர்த்தலில் யானையை நகர்த்தியது தவறு, ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருக்க வேண்டும், 1.8 சாதகம் (ஏறத்தாழ இரண்டு சிப்பாய்களின் மதிப்பு) என்று திரையில் வருகிறது. அதற்குக் கீழே பன்னிரண்டு நகர்த்தல்கள் நீளத்துக்கு ஒரு வரிசை. மாணவர் என்னைப் பார்த்து, ஏன் சார், என்கிறார். அந்த ஏன் என்பதற்குத் திரையில் பதில் இல்லை. மென்பொருளிடம் மேலும் நகர்த்தல்கள் இருக்கின்றன, மேலும் எண்கள் இருக்கின்றன. பதில் சொல்ல வேண்டுமானால், இந்த மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதைக் கவனிக்காமல் விட்டார், கடிகாரத்தில் நேரம் குறைந்ததால் பதறினாரா, போன வாரம் இதே போன்ற நிலையில் சிப்பாயைத் தள்ளித் தோற்ற பயத்தில் இப்போது தயங்கினாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் நான், கணினி சொல்வதை விட்டுவிடு, உன் அளவில் இரண்டாவது நகர்த்தல்தான் நல்லது, அதை உன்னால் தொடர்ந்து ஆட முடியும், என்று சொல்கிறேன். சதுரங்கத்தை அது என்னைவிடப் பல மடங்கு நன்றாக ஆடும் என்பதில் எனக்குக் கூச்சமில்லை.

நேரலையாக ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத் யார் கை ஓங்கியிருக்கிறது என்ற மென்பொருளின் கணிப்பைக் காட்டித் திரையோரத்தில் ஏறி இறங்கும் மதிப்பீட்டுப் பட்டை பழக்கமானது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தம் 55-வது நகர்த்தலாக யானைகளை வெட்டிக்கொள்ள முன்வந்தபோது அந்தப் பட்டை ஒரே நொடியில் சரிந்தது. எதிரே அமர்ந்திருந்த குகேஷுக்கு அது புலப்படச் சில கணங்கள் ஆயின. யானைகளுக்குப் பின் பிஷப்புகளும் வெட்டுப்படும், மிஞ்சும் ராஜா–சிப்பாய் ஆட்டம் தமக்கு வெற்றி என்று கண்டபின் அவர் முகம் மாறியதை உலகம் பார்த்தது. பட்டை முந்திக்கொண்டது உண்மை. ஆனால் டிங் அந்த நகர்த்தலுக்கு ஏன் வந்தார்? அதுவரை இருவரும் 6.5–6.5 என்று சமநிலையில் இருந்தார்கள். ஆட்டம் டிராவில் முடிந்தால் சமன்முறிவு ஆட்டங்கள். மேசையில் காய்களைக் குறைத்து டிராவை நெருங்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் இயல்பானது. அந்தத் தவறின் காரணம் பலகைக்கு வெளியே, மூன்று வாரக் களைப்பிலும் அன்றைய புள்ளிக்கணக்கிலும் இருந்திருக்க வேண்டும். நொடியில் தவறைக் கண்ட மென்பொருளுக்கு அது 14-வது ஆட்டம் என்பதே தெரியாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். கிராண்ட் மாஸ்டர்கள் மட்டும் என்ன, சதுரங்கத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர்களும் அவர்களில் உண்டே, அவர்களுடைய ஆட்டத்தை மட்டும் அறிவு என்கிறோமே என்று. ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன சேஸ், சைமன் சோதனையின்படி பார்த்தால், சதுரங்கத் திறமை தன்னளவில் பொது அறிவுக்குச் சான்றாகாது. மாணவர்களின் பெற்றோர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன், அவர்களுக்கு அது பிடிப்பதில்லை. என் கூற்று, வீரரின் அறிவு அவர் ஆடும் நகர்த்தலில் மட்டும் இல்லை, அந்த ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க முடிவதிலும் இருக்கிறது என்பது. தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்வதே சதுரங்கமாகிவிட்டது என்று சலித்துப்போன முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர், பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் அடுக்கும் புதிய ஆட்டத்தை 1996-ல் அறிவித்தார். அந்த முறையில் இன்று உலக சாம்பியன் போட்டியே நடக்கிறது. சதுரங்கத்தில் ஏதோ குறைகிறது என்று தோன்ற, சதுரங்கத்துக்கு வெளியே ஒரு கால் வைத்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாகக் காட்டுபவர் விளாதிமிர் கிராம்னிக். 2006-ல் உலக சாம்பியனாக இருந்தபோது ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் மென்பொருளுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே தமக்கு விழவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் விட்டவர் அவர். என் ஆரம்ப வகுப்பு மாணவரும் பார்த்துவிடக்கூடிய செக்மேட். அந்தத் தொடரை 4–2 என்று இழந்தார். அதே கிராம்னிக், 2019-ன் இறுதியில் ஒரு கேள்வி எழுப்பினார்: உயர்மட்ட ஆட்டங்கள் டிராவிலும் மனப்பாடத்திலும் முடங்கிப்போவதற்கு, ராஜா எளிதில் பாதுகாப்பான மூலைக்குப் போய்விடுவதுதான் காரணமா? ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்ற அனுமதிக்கும் கேசலிங் என்ற விதியையே எடுத்துவிட்டால் ஆட்டம் உயிர்பெறுமா? டீப்மைண்ட் ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து, கேசலிங் இல்லாத ஆட்டம் உட்பட ஒன்பது விதமான மாற்று விதிகளை ஆல்பாஜீரோவிடம் கொடுத்து, 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். புதிய விதிகள் ஒவ்வொன்றையும் ஆல்பாஜீரோ மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தன்னோடு தானே ஆடித் தேர்ந்தது. எந்த மனிதருக்கும் பல ஆண்டுகள் ஆகக்கூடிய தேர்ச்சி அது. ஆனால் எந்த விதியை மாற்றிப் பார்க்கலாம் என்றோ, கிடைத்த ஆட்டங்களில் எவை அழகானவை, எவை ஆடத் தகுந்தவை என்றோ அது எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படி அது படைக்கப்படவும் இல்லை. அந்தத் தீர்ப்பை எழுதியவர், ஒரு நகர்த்தல் செக்மேட்டைக் கோட்டைவிட்டவர்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்தபின் நிலைமை மாறிவிட்டதே என்று சிலர் கேட்கக்கூடும். விதிமாற்றங்களை அவையும் முன்மொழியும், ஏன் என்ற கேள்விக்குப் பத்தி பத்தியாகப் பதிலும் தரும். சதுரங்கத்துக்கெனப் பயிற்றுவிக்கப்படாத அத்தகைய மென்பொருளோடு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்: தொடக்க நகர்த்தல்களை அழகாக ஆடிவிட்டு, ஆட்டம் பழக்கமில்லாத பாதையில் திரும்பியதும், வெட்டுப்பட்டுப் போன காயை நகர்த்தவும், தன் சிப்பாயையே தாண்டி பிஷப்பைச் செலுத்தவும் அவற்றில் பல தயங்குவதில்லை. அவற்றைப் பற்றிய கேள்வி வேறு. அதை இந்தக் கடிதத்தில் இழுத்துவிட விரும்பவில்லை. சதுரங்க மென்பொருளுக்கு விளக்கம் இல்லாத ஆட்டம், இவற்றுக்கு ஆட்டம் இல்லாத விளக்கம் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். அதில் டீப் புளூவை விட்டுவிட்டு, விதிகளைத் தவிர எதையும் மனிதரிடமிருந்து பெறாமல் ஸ்டாக்ஃபிஷை வென்ற ஆல்பாஜீரோவை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏன் அறிவு இல்லை என்பதை எழுதுங்கள். கணக்கு என்ற காரணம் அங்கே உதவாது. நான் சொன்ன காரணம் உதவுமா என்பதை அங்கே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம், உடையுமானால் உடைத்தும் காட்டலாம்.

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்சியாளர் ஒருவர்